பத்தியத்தில் ஒரு நண்டுப் பணிஸ்

எங்கள் பக்கத்தில் சுப்பர் மார்க்கற் திறந்த வருஷத்தில்தான் என் மகளுக்குச் செங்கமாரி வந்தது. ஒன்றுக்கும் மற்றதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்றும் அந்தக் கடையின் கண்ணாடிக் கதவடிக்குப் போனதும் என் கை பிள்ளையின் முகத்துக்குப் போகிறது. கீழ் இமையை மெல்ல இழுத்து, கண் வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கூடையை எடுக்கிறேன்.

அது மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலம். துறைமுகப் பக்கத்துப் புழுதியெல்லாம் யன்னலால் வந்து பாத்திரங்களில் படிந்துவிடும். என் கணவர் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர். நாங்கள் உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். குழாயில் தண்ணீர் விடியற்காலையில் மட்டும் வரும். அதைப் பிடித்து வைத்துவிட்டு அடுப்பை மூட்டுவதற்குள் எனக்கு அன்றைய நாள் முடிந்துபோனது போல இருக்கும். மகளுக்கு அப்போது மூன்று வயது. முதலில் காய்ச்சல், பிறகு குடித்ததெல்லாம் சத்தி, பிறகு ஒரு காலை வெளிச்சத்தில் அவளுடைய கண்கள் மஞ்சளாகத் தெரிந்தன.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். கொழுப்பைக் குறையுங்கள், குளுக்கோஸ் கொடுங்கள், ஓய்வாக வைத்திருங்கள் என்று டொக்டர் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. பின்னால் நின்ற வரிசை நீளமாக இருந்தது. செங்கமாரிக்கு இங்கிலீஷ் மருந்து காணாது என்று கணவரின் வீட்டார் சொன்னதால், அன்புவழிபுரத்தில் நாட்டு வைத்தியம் செய்த பரியாரியாரிடமும் போனோம். அவர் கீழ்க்காய்நெல்லியை அரைத்து ஆட்டுப்பாலில் கலந்து கொடுத்தார். வெறும் வயிற்றில் பிள்ளை அதைக் குடித்தாள். பிறகு பத்தியம் சொன்னார். எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது, பொரியல் கூடாது, தாளித மணம் கூட வீட்டுக்குள் வரக் கூடாது.

“எப்ப விடலாம்?” என்று அவரிடம் கேட்டேன்.

“நான் வந்து கண்ணைப் பாப்பன். தலைக்குத் தண்ணி வாருங்கோ எண்டு நான் சொன்ன பிறகுதான் எண்ணெய்ப் போத்தில் திறக்கலாம்.”

எங்கள் பக்கத்தில் வருத்தம் மாறியதற்கு அடையாளம் அந்த முழுக்குத்தான். பத்தியத்தை வைத்தவரே நாள் குறித்து, தலைக்கு வார்க்கச் சொல்லி, அதை விடுவிக்க வேண்டும். நாங்களாக விட்டால் வருத்தம் திரும்பும் என்பார்கள். நான் விஞ்ஞானம் படித்தவள்தான். ஆனால் திரும்பினால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நான் படித்த எந்தப் பாடத்திலும் பதில் இருக்கவில்லை.

அடுத்த கிழமை பரியாரியார் சிறுபோக நெல் வெட்டுக்கு ஈச்சிலம்பற்றுக்குப் போய்விட்டார். அவருக்கு அங்கே வயல் இருந்தது.

மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. கண் வெளுத்தது. ஆனால் பிள்ளைக்குப் பசி திரும்பவில்லை. கஞ்சியைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். வாட்டிய பாணை வாயில் வைத்துக்கொண்டே நித்திரையாகிவிடுவாள். சட்டை தோளால் வழுகத் தொடங்கியது. நான் ஒவ்வொரு நாளும் கஞ்சியை வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் அலைந்தேன். காகத்தைக் காட்டினேன், எங்கள் ரவுணுக்குள் மாடு மாதிரித் திரிந்து ஒழுங்கையில் வந்து நிற்கும் மானைக் காட்டினேன். மான்தான் கடைசியில் பாணைத் தின்றது.

பிள்ளை பத்தியத்தில் இருக்கும்போது வீட்டில் வேறு சமையல் இல்லை. நானும் அதே கஞ்சியைத்தான் குடித்தேன். கணவர் வேலைத்தலத்துக் கன்ரீனில் சாப்பிட்டுவிட்டு, கேற்றடியில் நின்று வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அவருடைய சட்டையில் வடை மணக்கும். நான் கஞ்சிக் கோப்பையைக் கழுவப் போவேன். சொல்லுவதற்கும் தெம்பு வேண்டும்.

அந்த நாட்களில்தான் குளுக்கோஸ் வாங்க அந்தப் புதிய கடைக்குப் போனேன். பாணுக்குச் சங்கக்கடை வரிசையில் நின்று வளர்ந்த எனக்கு, சாமானை நாமே எடுத்துக் கூடையில் போடுவது களவெடுப்பது போல இருந்தது. காசு வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பிறை மாதிரி வளைந்த பணிஸ்கள் ஒரு தட்டில் இருந்தன. முன்னால் ஒரு சின்ன மட்டையில் இங்கிலீஷில் பெயர் எழுதியிருந்தது. காசு வாங்கும் பெட்டை அதைக் குரோசான் என்று வாசித்துக் காட்டினாள். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் குசினியிலிருந்து வருகிறதாம். வெள்ளைக்காரர் காலையில் தேத்தண்ணீரோடு சாப்பிடுவதாம்.

ஒன்றை எடுத்துத் தரச் சொன்னேன். கையில் பாரமே இல்லை. மேல்தோல் சருகு போல நொருங்கி விழுந்தது. உள்ளே காற்றுத்தான் இருக்கிறது என்று தோன்றியது. இவ்வளவு பாரமில்லாத ஒன்றில் எண்ணெய் எங்கே இருக்கப்போகிறது, இது ரஸ்க் மாதிரி ஒன்று என்று நினைத்தேன். அப்படி நினைக்க நான் விரும்பினேன் என்பதும் இப்போது தெரிகிறது.

பிள்ளை அதைக் கண்டதும், “நண்டு” என்றாள். எங்கள் கரையில் வளைந்து இரண்டு பக்கமும் கூராக இருப்பது வேறு என்ன? முதலில் ஒரு கொடுக்கை முறித்துத் தின்றாள். பிறகு மற்றக் கொடுக்கு. பிறகு நடுவை இதழ் இதழாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தின்றாள். மடியில் விழுந்த பொடியை விரலை நனைத்து ஒற்றி எடுத்தாள். நான் கதிரை விளிம்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தம் தொடங்கிய பிறகு அவள் தானாகக் கேட்டு முழுதாகத் தின்று முடித்த முதல் சாப்பாடு அது.

பையைச் சுருட்டி எறியப் போனபோதுதான் கவனித்தேன். பணிஸ் இருந்த இடத்தில் கடதாசி கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதற்கு அப்பால் என் விரல்கள் தெரிந்தன.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்திருக்கிறேன். உணவைக் கடதாசியில் தேய்த்து வெளிச்சத்துக்குப் பிடிக்க வேண்டும். ஒளி கசியும் பொட்டு இருந்தால் கொழுப்பு உண்டு. கச்சான் கடலையையும் தேங்காயையும் தேய்த்து நல்ல புள்ளி வாங்கியவள் நான். அன்று பின்னேரம் முழுவதும் பிள்ளையை யன்னலடிக்கு இழுத்து இழுத்துக் கண்ணைப் பார்த்தேன். இரவு அவள் ஒருமுறை இருமியதற்கு எழும்பி இருந்துவிட்டேன். கணவர் திரும்பிப் படுத்தபடி சொன்னார்: “ஒரு பணிசுக்கு நீர் இப்பிடி யோசிச்சால், உமக்குத்தான் வருத்தம் வரும்.”

ஒன்றும் நடக்கவில்லை. காலையில் பிள்ளை எழும்பி நண்டு கேட்டாள். இல்லை என்றேன். கஞ்சியைத் தட்டிவிட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான்.

பக்கத்து வளவில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரி கிண்ணியாவில் பிறந்தவர். அவர்கள் அக்காவைக் கூப்பிடுவது போல அவரை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வீட்டில் பத்தியம் என்று அறிந்ததும், வேலியோரம் இருந்த தன் பொரிக்கும் அடுப்பை ஒரு சொல்லும் சொல்லாமல் முன்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டவர். நான் வேலியடியில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவருடைய பிள்ளைகளும் அந்தப் பணிஸைக் கேட்டு அழுகிறார்களாம். ஆனால் ஹோட்டல் குசினி, வெள்ளைக்காரர் சாப்பாடு, உள்ளே பன்றிக் கொழுப்பாக இருந்தால் என்ன செய்வது என்று வீட்டுக்குள் எடுக்கவில்லையாம். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் என் கவலை என்றேன்.

“நீங்க எவ்வளவு எண்டு பாக்கிறீங்க தங்கச்சி. நான் என்ன கொழுப்பெண்டு பாக்கிறன். உங்கட புள்ள ஒராள்தான் ருசியைப் பாத்திரிக்கா.”

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கதை எனக்குள் கிடந்தது.

ஒருநாள் கடை வாசலிலேயே நின்று இன்னொரு பணிஸைத் தாளில் தேய்த்தேன்; பொட்டு உடனே தெரிந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பணிஸை வாங்கி, கணவர் கொண்டுவந்த ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்குழவியை ஏற்றினேன். எண்ணெய் தாளில் பரவியது. எவ்வளவு பரவுகிறதோ அவ்வளவும் பிள்ளையின் ஈரலுக்குப் போகாமல் தப்பியது என்று எண்ணிக்கொண்டேன். தாளை மாற்றி மாற்றி அழுத்தினேன். பிறகு அந்தத் தட்டையான சாமானைக் கோப்பையில் வைத்துக் கொடுத்தேன். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நண்டு செத்துப்போச்சு” என்றாள். தொடவில்லை.

ஐப்பசி நெருங்கக் கடல் நிறம் மாறத் தொடங்கியது. வெள்ளைக்காரர் போகும் காலம். ஒருநாள் கடையில், பணிஸ்கள் தனித்தனியாகப் பொலித்தீனில் சுற்றி இருந்தன. வடிவம் அதேதான். நிறம் இன்னும் கூடச் சிவப்பு, மேலே சீனித்தண்ணீர் பூசிய பளபளப்பு. ஒன்றை வாங்கி, முன்போலவே வாசலில் நின்று பொலித்தீனைப் பிரித்து, கைப்பையில் வைத்திருந்த தாளில் தேய்த்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். பொட்டே இல்லை. மறுபடி தேய்த்தேன். தாள் தாளாகவே இருந்தது. திரும்பிப் போய் இன்னும் ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் இலேசாக இருந்தது. டொக்டருக்கும் ஒத்தது, பரியாரியாருக்கும் ஒத்தது, பிள்ளைக்கும் பிடித்தது என்று ஒன்றைக் கடைசியில் எனக்குத் தந்துவிட்டார்கள்.

பிள்ளை ஓடிவந்து வாங்கினாள். கொடுக்கைக் கடித்தாள். மென்றாள். இன்னும் கொஞ்சம் மென்றாள். பிறகு என் கையைப் பிடித்து விரித்து, வாயில் இருந்ததை அதில் துப்பினாள்.

“இது நண்டு இல்லை.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுவரோரம் போய்ப் படுத்துக்கொண்டாள். சட்டைக் கழுத்தால் தோள் எலும்பு வெளியே தெரிந்தது. எனக்கு அன்று முதல்தடவையாக வேறு ஒரு பயம் வந்தது. செங்கமாரி திரும்பிவிடும் என்ற பயம் இல்லை அது. திரும்பவே வேண்டியதில்லை, இப்படியே இவள் கரைந்துவிடுவாள் என்ற பயம்.

கோபம் வந்ததென்றால் அது கடையின் மேல்தான் வந்தது. கோபப்பட எனக்கு வேறு இடம் இருக்கவில்லை. மிச்சப் பணிஸையும் எடுத்துக்கொண்டு போனேன். முகாமையாளர் கழுத்துப்பட்டி கட்டிய இளம் ஆள், யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஹோட்டல் குசினி மூடிவிட்டதால் இப்போது ரவுணில் ஒரு பேக்கரி செய்து தருகிறது என்றார். இதில் இதழே இல்லை, எண்ணெயே இல்லை, இது வெறும் பாணை வளைத்துச் சுட்டது என்று நான் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“அக்கா, முந்தி எண்ணெய் கூட எண்டு எல்லாரும் முறைப்பாடு. நீங்களே ஒருநாள் வாசல்ல நிண்டு கடதாசியில தேய்ச்சுப் பாத்தனீங்கள். அதைக் கண்டுதான் பேக்கரிக்காரருக்குச் சொன்னனான், கொழுப்பைக் குறையுங்கோ, படிச்ச ஆக்கள் பாக்கினம் எண்டு.”

காசு வாங்கும் பெட்டை தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை. எண்ணெய் குறைவதென்றால் ருசியும் போக வேண்டுமா என்று கேட்டேன்.

“ருசி போயிட்டுதோ? நீங்கள் சாப்பிட்டுப் பாத்தனீங்களோ அக்கா?”

நான் அதைச் சாப்பிட்டதில்லை. முதலில் வந்ததையும் சாப்பிட்டதில்லை, இதையும் சாப்பிட்டதில்லை. பிள்ளையோடு நானும் பத்தியத்தில் இருந்தேன். வாங்கினேன், தூக்கிப் பார்த்தேன், தேய்த்தேன், அழுத்தினேன், வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஒருமுறையும் நாக்கில் வைக்கவில்லை. பையை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று வேலியடியில் ராத்தா ஒரு செய்தி வைத்திருந்தார். அவருடைய தம்பி மூதூருக்கும் இங்கும் லோஞ்சுப் படகில் போய்வந்து யாவாரம் செய்கிறவர். வெட்டு முடிந்து பரியாரியார் மூதூருக்கு வந்துவிட்டாராம், நாளைக் காலை லோஞ்சில் ஏறுகிறாராம். வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க எனக்கு ஏலாது. காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனேன். அவள் பாரமே இல்லை. ஹோட்டல் பணிஸ் முதன்முதல் என் கையில் இருந்தது போல இருந்தாள்.

லோஞ்ச் வந்து கட்டியது. நெல் மூட்டைகளுக்கும் கோழிக் கூடைகளுக்கும் இடையில் பரியாரியார் இறங்கினார். வெயிலில் கறுத்திருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். அவர் என்னையும் பார்த்தார், பிள்ளையையும் பார்த்தார்.

“என்ன பிள்ளை, இவவுக்கு என்ன வருத்தம்?”

எனக்கு உடனே விளங்கவில்லை. செங்கமாரி என்றேன். நீங்கள் மருந்து தந்தனீங்கள், பத்தியம் சொன்னனீங்கள் என்றேன். அவர் மூட்டையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு யோசித்தார்.

“எப்ப?”

“நீங்கள் வெட்டுக்குப் போக முதல்.”

“அதுக்குப் பிறகு எண்ணெய் காட்டேல்லையோ?”

“நீங்கள் சொல்லேல்லையே.”

அவர் மூட்டையை நிலத்தில் வைத்தார். விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு, பிள்ளையின் கண்ணை இழுத்துப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. எங்களைச் சுற்றி ஆட்கள் மூட்டைகளோடு இடித்துக்கொண்டு போனார்கள்.

“ஓம். கண் நல்லா வெளுத்திட்டுது. இண்டைக்கே தலைக்கு வாருங்கோ” என்றார், அதற்காகவே லோஞ்ச் ஏறி வந்தவர் போல. “எல்லாம் குடுங்கோ. மீன் குடுங்கோ.”

அவர் எங்களை மறந்துபோயிருந்தார். எண்ணிப் பார்த்தால் அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. எத்தனை வீடு, எத்தனை பிள்ளை, அதற்கு மேல் வயல். ஆனால் அவர் நினைவில் இல்லாத ஒரு சொல்லைத்தான் நான் இத்தனை நாளும் அடுப்படியில் காத்துக்கொண்டு இருந்தேன். அவர்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எங்கேயாவது குந்த வேண்டும் போலத்தான் இருந்தது. இறங்குதுறைக் கல் ஒன்றில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்பினேன்.

தண்ணீரை வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டுப் பிள்ளைக்குத் தலைக்கு வார்த்தேன். துவட்டிக்கொண்டு நின்றபோது வேலிக்கு அப்பால் சட்டியில் ஏதோ சீறியது. ராத்தா தன் அடுப்பைப் பழைய இடத்துக்கு, வேலியோரத்துக்கே கொண்டுவந்திருந்தார். தம்பி இறங்குதுறையில் நின்றிருப்பார், செய்தி எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்திருக்கும். சூடை மீன் பொரிகிற மணம் ஈரத் துவாய்க்குள்ளாலும் வந்தது. பிள்ளையின் தலை துவாய்க்குள் அப்படியே நின்றது. பிறகு மூக்கு மட்டும் வெளியே வந்தது.

ராத்தா ஒரு கோப்பையை வேலிக்கு மேலால் நீட்டினார்.

“இது என்ன எண்ணெய் எண்டு கேக்க வேணாம். தேங்காயெண்ணெய். எவ்வளவு எண்டும் கேக்க வேணாம்.”

நான் கேட்கவில்லை. சோற்றில் மீனைப் பிசைந்து முள் பார்த்துக் கொடுத்தேன். முதல் வாய் உள்ளே போனது. அவள் மென்றுகொண்டிருக்கையில் என் கை அவளுடைய வாயடிக்குப் போய், விரிந்தபடியே நின்றது. துப்பினால் ஏந்த. அவள் விழுங்கிவிட்டு அந்தக் கையைத் தள்ளினாள். கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். பாதியளவு தின்றாள். அவ்வளவுதான். ஆனால் பாதி.

அவள் நித்திரையான பிறகு குசினியில் அந்தப் பணிஸ் இருந்தது, பொலித்தீனில், கடைக்கும் வீட்டுக்கும் என்னோடு அலைந்தது. நின்றபடியே பிரித்து ஒரு கொடுக்கைக் கடித்தேன். பாணின் ருசியும் இல்லை, இனிப்பும் இல்லை. மேலே சீனி ஒட்டியது, உள்ளே பஞ்சு. கொஞ்சம் பொலித்தீன் மணம். மெல்ல மெல்ல வாய்க்குள் அது பெருகியதே தவிர இறங்கவில்லை. துப்புவதற்கு எனக்குக் கை விரிக்க ஆள் இல்லாததால் விழுங்கினேன்.

ஹோட்டல் குசினியிலிருந்து வந்தது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த பருவத்தில் ஹோட்டல் திறந்தது. ஆனால் கடைக்கு அது திரும்ப வரவில்லை. வளைத்த பாண்தான் தொடர்ந்து வருகிறது. மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கடைக்குப் போனால் கண்ணாடிப் பெட்டியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நான்தான் நிற்கிறேன். ஒன்றை எடுத்துக் கையில் தூக்கிப் பாரம் பார்க்கிறேன். பாரமாகத்தான் இருக்கிறது. வைத்துவிட்டு மீன் வாங்கப் போகிறேன்.